ஆற அமரத் தரிசிக்க ஐயாற்று நாடு

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சாலை வழியே செல்வோர் சுமார் 13 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஐந்து ஆறுகளைக் கடக்கிறார்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இருமருங்கும் நெல் வயல்கள். இடையிடையே வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும். திருவையாறு என்னும் திருப்பெயருக்கு இந்த ஐந்து ஆறுகளையே காரணமாகச் சொல்வது மரபு. ஒரு பாலம் முடிந்து அடுத்த பாலம் வருவதற்குள் கோபுரம் ஒன்று தென்னைகளுக்கு மேலே தலைகாட்டும். அத்தனை அடர்த்தியாகத் திருத்தலங்கள் அமைந்த மண் இது.

இந்த அடர்த்தியே இன்று யாத்திரை செல்வோருக்குச் சோதனையாகவும் ஆகிவிட்டது. அருகருகே இத்தனை தலங்கள் இருக்கையில், ஒரு நாளில் எத்தனை பார்க்க முடியும் என்ற கணக்கு மனத்தில் புகுந்துவிடுகிறது. ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் தரிசித்துத் திரும்பும் பயண ஏற்பாடுகள் இப்போது உள்ளன. விடுப்புக் கிடைக்காத இளையவர்களுக்கு அவை பேருதவியே. ஆனால், எழுபது வயதைக் கடந்த பெரியவர்களின் நிலை வேறு. வண்டியிலிருந்து இறங்கி, கொடிமரம் வரை நடந்து, சந்நிதியில் கண்ணை மூடித் திறப்பதற்குள் புறப்பட வேண்டியிருக்கிறது. முழங்கால் வலியோடு வீடு திரும்பிய பிறகு, எந்தக் கோயிலில் எந்த அம்பாளைச் சேவித்தோம் என்பதே கலந்துபோய்விடுகிறது.

அப்படிப்பட்டவர்களுக்கு இந்த நாட்டிலேயே ஒரு மாற்று வழி உண்டு. ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் நான்கைந்து நாள்கள் தங்குவது. அங்கிருந்து நாளுக்கு ஒரு தலம் அல்லது இரண்டு தலங்கள் மட்டும் சென்று வருவது. மீதிப் பொழுதை ஓய்வாகக் கழிப்பது. இவ்வழிக்குத் திருவையாற்றுத் தலவரலாறே சான்று தருகிறது.

அப்பர் பெருமானுக்குக் கிடைத்த கயிலை

முதிய வயதில் திருநாவுக்கரசர் பெருமானுக்குக் கயிலைநாதனை நேரில் காண வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. காளத்தியைத் தரிசித்து, காசியைக் கடந்து வடக்கே நடந்தார். பாதங்கள் தேய்ந்தன. கைகளை ஊன்றித் தவழ்ந்தார், கைகளும் தேய்ந்தன. மார்பினால் ஊர்ந்தார், அதுவும் இயலாதபோது உருண்டு சென்றார். அவர் முன்னே முனிவர் வடிவில் இறைவன் தோன்றி, மானிட உடலோடு கயிலை செல்வது அரிது, திரும்பிப் போகலாம் என்று சொன்னார். அப்பர் பெருமான் இசையவில்லை. பிறகு, அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து கயிலைக் காட்சி காணுமாறு அசரீரி ஒலித்தது.

அவ்வாறே அவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கரையேறிக் கோயிலை நோக்கி வரும் வழியில், யானைகளும் கோழிகளும் குயில்களும் அன்னங்களும் இணை இணையாக எதிர்ப்பட்டன. ஒவ்வோர் இணையும் அவருக்குச் சிவமும் சக்தியுமாகத் தோன்றியது. கோயிலே கயிலையாகக் காட்சி தந்தது. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று இத்தலத்தில் அப்பர் கயிலைக் காட்சி விழா நடைபெறுகிறது.

தேய்ந்த உடலோடு வந்த அடியவரை மேலும் நடக்கச் சொல்லவில்லை ஐயாறப்பர். காவிரிக் கரைக்கு அவரைத் திரும்ப வரவழைத்து, வழியில் எதிர்ப்பட்ட பறவையிலும் விலங்கிலும் தரிசனம் தந்தார். முதுமையில் யாத்திரை புறப்படுவோர் மனத்தில் இருத்த வேண்டிய வரலாறு இது.

திண்ணையும் முற்றமும்

காவிரிக் கரைக் கிராமங்களின் பழைய வீடுகள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் கட்டப்பட்டவை. தெருவை நோக்கி இருபுறமும் திண்ணை, உள்ளே நுழைந்ததும் ரேழி, அதைக் கடந்தால் தூண்கள் நிறுத்திய கூடம், நடுவே வானம் பார்த்த முற்றம், அப்பால் சமையற்கட்டு, பின்புறம் கிணறும் துளசி மாடமும் உள்ள கொல்லை. வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு வரை தெரியும். ஆற்றுக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறும். சித்திரை வெயிலிலும் கூடத்துத் தரை குளிர்ந்திருப்பதற்கு நாட்டு ஓடும் முற்றமும் காரணம்.

இத்தகைய வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. பல தலைமுறைகளாகப் படிப்புக்கும் வேலைக்குமாகக் குடும்பங்கள் சென்னைக்கும் மும்பைக்கும் தில்லிக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்டன. ஆளில்லாத வீட்டில் முதலில் ஓடு சரியும்; பிறகு சுவர் சரியும். இவற்றுள் சில வீடுகள் மட்டும் யாத்ரீகர்கள் தங்கும் இடங்களாகப் புத்துயிர் பெற்றுள்ளன. சுவாமிமலைக்கு அருகே திம்மக்குடியில் பழைய வீடு ஒன்றைச் சுற்றி அமைந்த தங்குமிடம் பல ஆண்டுகளாக விருந்தினரை ஏற்று வருகிறது. தஞ்சை, கும்பகோணம் வட்டாரத்தில் சிறிய அளவில் வேறு வீடுகளும் இவ்வாறு திறக்கப்பட்டுள்ளன.

அங்கே தங்குவோருக்குத் தனியாகப் பொழுதுபோக்கு ஏதும் தேவைப்படுவதில்லை. விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடும் ஓசை கேட்கும். பால்காரர் வருவார். பித்தளை டவரா டம்ளரில் காபி வரும். திண்ணையில் அமர்ந்தால் தெருவே பேச்சுத் துணை.

நடை சாத்தும் நேரம்

ஆகம முறைப்படி பூஜை நடக்கும் ஆலயங்களில் பொழுது பகுக்கப்பட்டிருக்கும் விதத்தைக் கவனித்தால், இவ்வகைத் தங்கலுக்கான அட்டவணை அதிலேயே கிடைத்துவிடும். உஷக்காலம், காலசந்தி, உச்சிக்காலம் ஆகியவை முற்பகலுக்கு உரியவை. உச்சிக்காலம் முடிந்ததும் நடை சாத்தப்படும். பெரும்பாலான கோயில்களில் மாலை 4 மணி அளவில்தான் மீண்டும் திறப்பார்கள். பிறகு சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தஜாமம் என்று இரவு வரை வழிபாடு தொடரும்.

விரைந்து செல்லும் யாத்ரீகர்களுக்கு இந்த நான்கு மணி நேரம் பெரும் இடையூறு. சாத்திய கதவுக்கு முன்னே வண்டியில் வெந்துகொண்டு காத்திருப்பார்கள். கிராமத்தில் தங்கியிருப்பவருக்கோ அது உண்டு உறங்கும் வேளை. காலையில் குளிர்ந்த கல்லில் கால் வைத்து ஒரு தரிசனம். பகலில் கூடத்தில் ஓய்வு. விளக்கேற்றும் வேளையில் மற்றொரு தரிசனம். பிரகாரக் கல் கொதிக்கும் நண்பகலில் யாரும் நடக்க வேண்டியதில்லை.

முதல் நாள்: ஐயாறப்பர் சந்நிதியில்

முதல் நாளைத் திருவையாற்றுக்கே ஒதுக்கலாம். ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் எழுந்தருளியிருக்கும் இப்பெருங்கோயில் பல பிரகாரங்களைக் கொண்டது. வடகயிலாயம் என்னும் தனிக்கோயிலை முதலாம் இராஜராஜ சோழரின் தேவியார் உலோகமாதேவியார் எடுப்பித்தார். பிரகாரத்தில் ஓர் இடத்தில் நின்று ஐயாறப்பர் திருநாமத்தை உரக்க அழைத்தால் எதிரொலி பலமுறை திரும்பி வரும். பேரக்குழந்தைகளை அழைத்து வருவோர் அந்த இடத்தை விட்டு நகர்வது எளிதல்ல.

இங்கே காவிரிக்கும் ஒரு கதை உண்டு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் சேரமான் பெருமாளுடன் கண்டியூர்ப் பக்கம் வந்து நின்றபோது ஆற்றில் பெருவெள்ளம். ஓடமும் செல்ல இயலவில்லை. சுந்தரர் பதிகம் பாடி வேண்ட, வெள்ளம் விலகி வழிவிட்டது என்கிறது பெரியபுராணம்.

மாலையில் காலாற நடந்து ஸ்ரீதியாகராஜ சுவாமிகளின் சமாதியை அடையலாம். 1767-ல் திருவாரூரில் பிறந்த சுவாமிகள் திருவையாற்றிலேயே வாழ்ந்து, உஞ்சவிருத்தி செய்து ராமபக்தியில் தோய்ந்து, 1847-ல் இங்கேயே சித்தியடைந்தார். சமாதிக்கு ஆலயம் எழுப்ப முன்னின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தம் செல்வத்தை அதற்கே செலவிட்ட அந்த அம்மையாரின் சமாதியும் அருகிலேயே உள்ளது. புஷ்ய பகுள பஞ்சமியன்று ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடப்படும்போது கூட்டம் அலைமோதும். மற்ற நாள்களில் சென்றால் ஆற்றுக் காற்றும் அமைதியும் துணையிருக்கும். திரும்பும் வழியில் பாசிப்பருப்பில் கிளறிய திருவையாற்று அசோகாவைச் சிறிது சுவைக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஐயாறப்பரிடம் விட்டுவிட வேண்டியதுதான்.

இரண்டாம் நாள்: இராஜராஜேச்சரம்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் காலையில் நடை திறந்ததுமே சென்றுவிடுவது நலம். பரந்த முற்றத்தின் கல்தளம் அப்போதுதான் பாதத்துக்கு இதமாக இருக்கும். 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற ஸ்ரீவிமானம் சுமார் 216 அடி உயரம் கொண்டது. பலரும் அதன் உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவசரமில்லாதவர்கள் கீழே குனிந்து அதிட்டானத்தையும் பார்க்கலாம். அங்கே வரிவரியாகக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. மன்னர் தாம் கொடுத்தவற்றோடு, தமக்கை குந்தவைப் பிராட்டியாரும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் பொறிக்கச் செய்தார்.

கோயில் பணிக்கென அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் அவற்றில் உள்ளன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவரின் இல்லமும் குறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் வழங்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, கோயில் என்பது அதைச் சுற்றி மக்கள் குடியிருக்கும் ஊர் என்று சோழப் பேரரசர் உணர்ந்திருந்தார்.

உடலில் தெம்பு இருந்தால் அரண்மனை வளாகத்தில் சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தையும், சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உள்ள கலைக்கூடத்தையும் பார்த்துவிட்டுப் பகல் உணவுக்குத் திரும்பலாம். வைணவ அன்பர்கள் வெண்ணாற்றங்கரையில் தஞ்சை மாமணிக் கோயிலைச் சேவிக்கலாம். அருகருகே அமைந்த மூன்று சந்நிதிகள் சேர்ந்து ஒரே திவ்ய தேசமாகப் போற்றப்படுகின்றன. திருவையாற்றுச் சாலையிலேயே அது அமைந்திருப்பதால் தனிப் பயணம் தேவையில்லை.

மூன்றாம் நாள்: விருந்து படைத்த ஊர்கள்

திருவையாற்றைச் சுற்றியுள்ள ஏழு தலங்களுக்கு சப்தஸ்தானம் என்று பெயர். நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் திருமழபாடியில் திருமணம் நடந்தபோது, ஐயாறப்பரே மணமகன் வீட்டாராக நின்று எல்லாம் செய்வித்தாராம். சுற்றியிருந்த ஆறு ஊர்களும் அந்தக் கல்யாணத்தைத் தங்கள் வீட்டுக் கல்யாணமாக ஏற்றுக்கொண்டன. திருப்பழனத்திலிருந்து பழங்கள் வந்தன. திருச்சோற்றுத்துறையிலிருந்து அன்னம் வந்தது. திருவேதிகுடி வேதியர்களை அனுப்பியது. திருக்கண்டியூர் ஆபரணம் தந்தது. திருப்பூந்துருத்தி மலர் தந்தது. திருநெய்த்தானம் எனும் தில்லைஸ்தானம் நெய் தந்தது. சித்திரையில் நடைபெறும் ஏழூர்த் திருவிழாவில் ஐயாறப்பர் பல்லக்கில் அந்த ஊர்களுக்கெல்லாம் எழுந்தருள்வது, செய்த உதவிக்கு நன்றி சொல்லப் போவதாகவே மக்களால் கருதப்படுகிறது.

ஏழையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. திருப்பழனத்தையும் அதை அடுத்த திங்களூரையும் ஒரு காலையில் தரிசிக்கலாம். திங்களூர் சந்திர பகவானுக்குரிய தலம் என்றே இன்று பலரும் அறிவார்கள். அப்பூதி அடிகள் வாழ்ந்த ஊரும் அதுவே. அப்பர் பெருமானை நேரில் காணும் முன்பே, அவர் திருப்பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் அப்பூதியார். பின்னர் அப்பரே விருந்தினராக வந்தபோது, வாழையிலை அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. விருந்து தடைபடக் கூடாதே என்று பெற்றோர் துயரத்தை மறைத்துக்கொண்டு அமுது படைக்க முனைந்தார்கள். உண்மையறிந்த அப்பர் பெருமான் பதிகம் பாடி அப்பிள்ளையை உயிர்ப்பித்தார். வந்தவருக்கு இலை போடுவதை உயிரினும் மேலாகக் கருதிய மண் இது. இன்றும் அவ்வட்டாரத்தில் வாழைத்தோப்புகளைக் காணும்போது அந்த வரலாறு நெஞ்சில் நிழலாடும்.

நான்காம் நாள்: தாராசுரமும் சுவாமிமலையும்

இந்த ஒரு நாள் மட்டும் சற்றே நீண்ட பயணம். கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில் இரண்டாம் இராஜராஜர் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் உள்ளது. நாயன்மார்களின் வரலாறுகள் அங்கே சாண் அளவுச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. முதல் மூன்று நாள்களில் கேட்ட கதைகளைக் கல்லில் தேடிக் காணலாம்.

அருகிலுள்ள சுவாமிமலையில் தகப்பன்சுவாமியைத் தரிசிக்க, தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய அறுபது படிகள் ஏற வேண்டும். ஒரு படிக்கு ஓர் ஆண்டின் பெயரைச் சொல்லி, பிறந்த ஆண்டு வரும் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வது பெரியவர்களின் வழக்கம். சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகத் திருமேனிகளை வார்க்கும் பட்டறைகளையும் காணலாம். மெழுகில் உருவம் சமைத்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகின் நுண்ணிய கோடுகளைப் பிசகாமல் ஏற்கும் மென்மை அந்த வண்டலுக்கு உண்டு. நெல்லை விளைவிக்கும் ஆறே நடராஜர் திருமேனிக்கும் அச்சாகிறது.

உள்ளூர்க் கோயிலின் விளக்கு

புகழ்பெற்ற தலங்களுக்குச் சென்று வரும் நாள்களில், தங்கியிருக்கும் ஊரின் கோயிலை மறந்துவிடலாகாது. டெல்டா கிராமங்களில் எத்தனையோ பழைமையான ஆலயங்களில் இன்று ஒரு கால பூஜை மட்டுமே நடக்கிறது. குருக்கள் ஒருவரே மூன்று நான்கு கோயில்களின் சாவிகளை வைத்துக்கொண்டு இருசக்கர வண்டியில் ஊர் ஊராகச் செல்கிறார். குடும்பங்கள் வெளியூர் சென்றபின், அபிஷேகத்துக்குப் பால் கொடுத்த வீடும், பூத்தொடுத்த வீடும், பிரசாதத்துக்குக் கை நீட்டிய குழந்தைகளும் இல்லாமல் போய்விட்டன. தரிசிக்க வருபவர் இல்லை என்றால் நடை திறக்கும் நேரமும் மெல்ல மெல்லச் சுருங்கிவிடும்.

அத்தகைய கோயிலில் ஒரு முதிய தம்பதி நான்கு நாள்கள் தொடர்ந்து சாயரட்சைக்கு வந்து அமர்ந்தால், அங்கே ஏற்படும் மாற்றம் சிறிதன்று. குருக்கள் சற்று முன்னதாகவே வருகிறார். தீபாராதனையை ஒருமுறை கூடுதலாகக் காட்டுகிறார். ஸ்வாமியின் திருநாமத்தையும் தலபுராணத்தையும் சொல்ல அவருக்கு ஆள் கிடைக்கிறது. எதிர்வீட்டு மூதாட்டியும் யாரோ வெளியூரிலிருந்து வந்திருக்கிறார்களே என்று எழுந்து வருகிறார். பெரிய கோயில் உண்டியலில் சேரும் ஆயிரம் ரூபாயைவிட இங்கே வாங்கித் தரும் ஒரு டின் நல்லெண்ணெய் பல நாள்களுக்கு எரியும்.

செல்வோர் கவனத்துக்கு

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதும் உண்டு. தண்ணீர் கல்லணையைக் கடந்து வந்ததும் குறுவை நடவு தொடங்கும். ஆடிப்பெருக்கின்போது ஆறு நிறைந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். முதியவர்கள் தவிர்ப்பது நல்லது. மார்கழியும் தையும் சம்பா முற்றிப் பொன்னிறம் கொள்ளும் இதமான மாதங்கள். சித்திரையில் வெயில் கடுமையாக இருக்கும். ஆற்றில் மணல்தான் தெரியும்.

தங்குமிடத்தை முடிவு செய்யுமுன் சிலவற்றைக் கேட்டறிவது அவசியம். பழைய வீடுகளில் வாசற்படி உயரமாகவும் நிலைக்கதவு தாழ்வாகவும் இருக்கும். தரைத்தளத்தில் அறை உண்டா, மேற்கத்திய முறைக் கழிப்பறை உண்டா, இரவில் மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா, அருகில் மருத்துவர் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமான மருந்துகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்கு எடுத்துச் செல்வது நலம். படித்துறைகளில் பாசி வழுக்கும்; நீர் வேகமாக ஓடும் நாள்களில் கீழ்ப்படியில் இறங்காமல், சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டாலே காவிரி ஸ்நானப் பலன் உண்டு என்று பெரியோர் சொல்வர்.

நான்கு நாள்களில் பத்துத் தலங்கள்கூடப் பார்க்க முடியவில்லையே என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. ஐந்தாம் நாள் எங்கும் செல்லாமல் திண்ணையிலேயே அமர்ந்திருந்தாலும் குறைவில்லை. வயலில் இணையாக இறங்கும் கொக்குகளும், தோப்பில் ஒன்றையொன்று அழைக்கும் குயில்களும் அப்பர் பெருமான் கண்ட அதே ஐயாற்று நாட்டுக்கு உரியவைதாம். மாலையில் உள்ளூர்க் கோயில் மணி ஒலித்ததும் எழுந்து சென்றால் போதும்.